சுமைகூலி

காம்பேர் நகரில் நான்காம் நாளாக மழை.
மைவென் நாற்பத்தோராம் வரிசையில் நிற்கிறாள்:
பச்சை பீன்ஸ், இருநூற்றைம்பது கிராம், பாக்கெட்.
விளைந்த இடம் என்ற கட்டம் சிவப்பு.
நிரப்பாத கட்டங்கள் எல்லாமே
இந்தத் திரையில் சிவப்புதான்.

விதி சொல்கிறது:
ஊர் தெரியாவிட்டால் நாட்டை எழுது.
நாடும் தெரியாவிட்டால்
உலகத்தின் மிகத் தொலைவான மூலையை எழுது.
அறியாமைக்கு அபராதம்
கிலோமீட்டரில்.

நேற்று கடைக்குப் போய்
ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள், சீட்டைப் படிக்க.
கென்யா என்றிருந்தது.
எந்தச் சரிவு, எந்த வாய்க்கால்,
எத்தனை மணிக்குப் பறித்த கை,
ஒன்றும் இல்லை.

மென்பொருள் அதற்கெல்லாம் கலங்குவதில்லை.
நாட்டின் நட்டநடுவில் ஒரு புள்ளி வைக்கிறது.
பெரிதாக்கிப் பார்க்கிறாள்:
முள்மரம், செம்மண், ஆட்டுத் தடம்.
பீன்ஸுக்கு ஊற்ற ஒரு குடம் தண்ணீர் கிடையாது.
கணக்குப்படி
இந்த பீன்ஸ் புறப்பட்டது அங்கிருந்துதான்.
கோடு மலையை ஏறாமல் கடக்கிறது,
ஆற்றை நனையாமல்.
சாலைகள் வளையும் என்பதால்
கொஞ்சம் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.
கோட்டுக்குக் கால் வலிக்காது.

போன வாரம் முப்பத்தெட்டாம் வரிசை, தக்காளி.
ழொயெல் கெர்லானின் கண்ணாடிக் கூடம்
இந்த ஜன்னலில் நின்றால் தெரியும்.
சத்தமாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.
பிப்ரவரியிலும் உள்ளே சட்டையைக் கழற்றவைக்கும் வெக்கை.
குழாய்களில் எரிவாயு இரவெல்லாம் முனகுகிறது.
மொராக்கோவிலிருந்து லாரியில் வந்த தக்காளி
அவனுடையதைவிட லேசாக நின்றது தராசில்.
தொலைபேசியில் கத்தினான்:
"என் தக்காளி இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை, அம்மணி!"
தாண்டவில்லை.
அவள் மறுக்கவும் இல்லை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்பது தலைகீழாகக் கவிழ்ந்த வாரம் அது.

இன்று அந்தப் பழமொழி நிமிர்ந்து எழுகிறது,
இறக்கை முளைத்து.
சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் பறித்த தேதி.
விரல் விட்டு எண்ணுகிறாள்: ஐந்து நாள்.
எந்தக் கப்பலுக்கும்
இவ்வளவு அவசரம் கிடையாது.

விமானம் என்று தட்டுகிறாள்.
பட்டை எழும்பித் திரையைக் கிழித்துக்கொண்டு போகிறது.
அளவைச் சுருக்கினால்
மற்ற நாற்பது உணவும் எறும்பாகின்றன.

கடைசித் துண்டு: பாரிஸிலிருந்து இங்கே.
லாரி ஓட்டும் திராகோஷுக்கு அழைப்பு.
ரென் நகரத்துக்கு வெளியே எங்கோ
வாயில் ரொட்டியோடு பேசுகிறான்.
"எவ்வளவு தூரம்?"
"வரும்போதா, போகும்போதா?"
"இரண்டும் ஒன்றுதானே?"
"வரும்போது பீன்ஸ். போகும்போது வெறும் பெட்டி.
வெறும் பெட்டி ரொம்ப ஆடும்."
காலி ஓட்டத்துக்கு அட்டவணையில் ஒரு சதவீதம் உண்டு.
ஆட்டத்துக்கு இல்லை.
"வியாழக்கிழமை பாலத்தை மூடிவிட்டார்கள்,
அறுபது கிலோமீட்டர் சுற்றினேன்.
அந்த அறுபதை
எந்தப் பாக்கெட் தலையில் கட்டுவாய்?"
சிரிக்கிறான். பிறகு, வைக்கிறேன், மழை, என்கிறான்.

ஐந்நூற்று அறுபது என்று எழுதுகிறாள்.
ஒரு கணம் விரல் நிற்கிறது.
அப்படியே விடுகிறாள்.

கணக்கின் எல்லை கடை வாசல்.
சீட்டைப் படிப்பதற்காக மட்டும்
நேற்று அவள் கார் ஓட்டிய
ஏழும் ஏழும் பதினான்கு கிலோமீட்டர்
எந்தக் கட்டத்திலும் வராது.
விதி அப்படி.
விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள்.

கட்டம் நிறம் மாறுகிறது.
தூரத்துப் பச்சை.

பாக்கெட்டைப் பிரித்து
ஒரு பீன்ஸை எடுத்துப் பச்சையாகவே கடிக்கிறாள்.
நறுக்கென்று உடைகிறது.
ஐந்து நாளாகியும்
நார் விழவில்லை.